மனநோயும் மூளைச் சத்திரசிகிச்சையும்

தேரையர் என்னுஞ் சித்தருக்கு அப்பெயர் வந்த காரணத்தைக் கூறுங் கர்ணபரம்பரைக் கதையொன்று தமிழ்நாட்டிலும் ஈழநாட்டிலும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. தீராத தலைநோயால் வருந்திய அரசனொருவனுடைய கபாலத்தை அகத்திய முனிவர் திறந்தாரென்றும், மூளையின்மீது தேரையொன்று பற்றியிருக்கக் கண்டு அதனை எடுத்தற்கு வழிகாணாது திகைத்தாரென்றும், அருகில் நின்ற மாணாக்கர் ஒரு பாத்திரத்தில் நீர் கொணர்ந்து காட்டவே தேரை அந்நீரினுட் குதித்ததென்றும் அக்கதை கூறும். இதனை ஆதாரமாகக் கொண்டு நம் முன்னோர் மூளைச் சத்திரசிகிச்சையில் வல்லுநராய் விளங்கினரென வாதிப்பாரும் உளர். கதை கதையே, சரித்திரமாகாது. ஆயினும் அக்கதையிற் கவனித்தற்குரியது ஒன்றுண்டு. அகத்தியர் கபாலத்தைத் திறந்தது தலைநோய்க்காகவேயன்றிப் பித்துக்காக அன்று. அவர் பெயரால் வழங்கும் மானிடக் கிறுக்கு நூல் பதினெண்வகைக் கிறுக்குக்களைப் பற்றிப் பேசுகின்றது. அம்மரபில் வந்த நம்மூர்ப் பரியாரிமார் அந்நோய்களுக்குக் கையாண்டு வந்தவை தலைக்கு எண்ணெயும், மூக்குக்கு நசியமும், கண்ணுக்குக் கலிக்கமும், பத்தியமுமேயாம்.

மண்டையோட்டிற் றுளையிடுதல் உலகின் பல பாகங்களிலும் மிகப் பழைய வழக்கமென்பது உண்மையே. காசுமீரத்துப் பர்சகோம் என்னுமிடத்திற் புதிய கற்கால மக்களின் புதைகுழியொன்றில் எடுக்கப்பட்டதும், ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதுமான மண்டையோடு ஒன்றிற் பல துளைகள் காணப்படுகின்றன. என்றாலும் எலும்பைத் துளைத்தல் வேறு, மூளையை அறுத்தல் வேறு. மனம் பேதலித்த ஒருவனுடைய மூளையின் பாகமொன்றை அறுத்தெறிந்தால் அவன் அமைதியடைவான் என்னும் எண்ணம் செயலுருப் பெற்றது 1888ஆம் ஆண்டிலேயே. சுவிற்சர்லாந்து நாட்டில் மனநோய் விடுதியொன்றின் தலைவராயிருந்த கொற்லீப் புர்க்காட் என்பவர் ஆறு நோயாளருடைய மூளையின் மேற்பரப்பிற் சிற்சில துண்டுகளை அகற்றினார். ஒருவர் சில நாட்களில் இறந்தார். வேறு சிலருக்கு வலிப்பும் பேச்சுத் தடையும் உண்டாயின. உடன்வைத்தியர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுகாலம் அதனைப் பற்றிப் பெரிதாகப் பேசுவாரில்லை.

1935ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் கூடிய நரம்பியல் மகாநாடொன்றில், அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புல்ற்றன், யேக்கப்சன் என்போர் இரண்டு சிம்பன்சிக் குரங்குகளைப் பற்றிக் கூறினர். அவற்றுள் ஒன்றாகிய பெக்கி, தனக்குக் கொடுத்த சோதனையிற் றவறும்போதெல்லாம் கடுஞ்சினங் கொண்டு கூண்டை உலுக்கும். அதன் நுதற்சோணைகள் இரண்டையும் அகற்றிய பின்னர், எத்தனைமுறை தவறினும் அது சிறிதுங் கவலை கொள்ளவில்லை. அச்சபையிற் போர்த்துக்கல் தேசத்து வைத்தியர் எகாசு மொனிசும் இருந்தார். இவர் சாமானியரல்லர். தம் நாட்டின் வெளிவிவகார மந்திரியாய்ப் பணியாற்றியவர். மூளையின் இரத்தக் குழாய்களை எக்சு கதிர்ப் படத்திற் றெளிவாகக் காட்டும் முறையினை 1927இற் கண்டுபிடித்தவர். இம்முறை இன்றளவும் மனித சமூகத்துக்குப் பயன்பட்டு வருகின்றது. அவருடைய புகழுக்கு இஃதொன்றே போதியதாயிருந்திருக்கும்.

1935 நவம்பர் மாதம் 12ஆந் திகதி, இலிசுபன் நகரத்தில், மொனிசின் திட்டப்படி முதலாவது சிகிச்சை நடைபெற்றது. வாதநோயினால் மொனிசின் கைகள் செயலிழந்திருந்தமையால், கத்தி பிடித்தவர் அவருடைய துணைவராகிய அல்மெய்டா இலீமா என்னுஞ் சத்திரவைத்தியரே. நுதற்சோணைகளை மூளையின் ஏனைய பாகங்களோடு இணைப்பது வெண்சடப்பொருள் எனப்படும் நரம்பு நார்த்தொகுதியாகும். பித்தனுடைய எண்ணங்கள் செக்குமாடு போல ஒரே தடத்திற் சுழல்வதற்கு இந்நார்களிற் படிந்துவிட்ட நிலையான தொடர்புகளே காரணமென்று மொனிசு கருதினார். தொடர்பை அறுத்தால் சுழற்சியும் அறும் என்பது அவர் துணிபு. முதலில் மதுசாரத்தைச் செலுத்தியும், பின்னர்ச் சிறு கம்பி வளையத்தாலறுத்தும் அவ்வெண்சடப்பொருளை அழித்தனர். முதல் இருபது நோயாளருள் எழுவர் குணமடைந்தனரென்றும், எழுவர் சிறிது தேறினரென்றும், அறுவர் முன்போலவே இருந்தனரென்றும் அவர் 1936இல் அறிவித்தார். சிகிச்சை செய்து சில கிழமைகள் கழியுமுன்னரே, செய்தவரே இட்ட புள்ளிகள் இவை. ஒரு பரீட்சையில் மாணாக்கன் தன் விடைத்தாளைத் தானே திருத்திப் புள்ளியிட்டாற் போன்றதே இது. இருந்தும் 1949இல் மொனிசுக்கு நோபெற் பரிசிற் பாதி வழங்கப்பட்டது.

அமெரிக்காவில் வால்ற்றர் பிறீமன் என்பவர் இச்சிகிச்சையினை ஊர்தோறுங் கொண்டு சென்றார். அவர் நரம்புநோய் வைத்தியரேயன்றிச் சத்திரவைத்தியரல்லர். 1946ஆம் ஆண்டுதொட்டுக் கண்ணிமையின் கீழ்ப் பனிக்கட்டி உடைக்கும் ஊசி போன்றதொரு கருவியைச் செலுத்திச் சில நிமிடங்களிற் காரியத்தை முடித்துவந்தார். அந்நாட்டில் மட்டும் 40,000க்கு மேற்பட்டோர் இச்சிகிச்சைக்கு ஆளாயினரென்பர். இங்கிலாந்து, வேல்சு ஆகிய பகுதிகளில் 1942 முதல் 1954 வரை 10,365 பேருக்கு இது செய்யப்பட்டதென உத்தியோகபூர்வமான கணக்கொன்று கூறும். பிற்காலத்திற் சனாதிபதியான யோன் கெனடியின் சகோதரி உறோசுமேரிக்கு 1941இல், அவருடைய இருபத்து மூன்றாம் வயதில், இது செய்யப்பட்டது. நடையும் பேச்சுங் குன்றிய அவர், 2005இல் இறக்கும்வரை பிறர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க வீட்டுப் பெண்ணுக்கே இக்கதியாயின், விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த ஏழைகளின் நிலை கூறவேண்டியதில்லை. சோவியத் நாடு 1950இல் இதனைத் தடைசெய்தது.

இத்தகைய சிகிச்சையை அறிவுடையோர் எவ்வாறு ஏற்றனர் என்று இக்காலத்து மாணாக்கர் வியத்தல் கூடும். அக்கால மனநோய் வைத்தியசாலைகளின் நிலையை அறிந்தாலன்றி இதற்கு விடை கிடையாது. நம் நாட்டு அங்கொடை வைத்தியசாலையையே எடுத்துக்கொள்ளலாம். இன்று தேசிய மனநல நிறுவகமாக விளங்கும் அவ்விடத்தை, இலங்கை அரசாங்கத்தின் வேண்டுகோட்படி, இலண்டன் மோட்சிலி வைத்தியசாலைத் தலைவர் எட்வேட் மாப்பொதர் 1937ஆம் ஆண்டளவில் வந்து பார்வையிட்டார். அங்கு நிலவிய நெருக்கடியையும் வைத்தியர் பற்றாக்குறையையும் அவர் வன்மையாகக் கண்டித்தார். யாழ்ப்பாணத்திலோ தீவுப்பகுதியிலோ ஒருவர்க்குச் சித்தம் கலங்கினால், கோவிலிற் கொண்டுபோய் விடுவதும், பரியாரி வீட்டிற் றங்கவைப்பதும், இவையிரண்டும் பயன்படாவிடின் அங்கொடைக்கு அனுப்புவதுமே வழியாயிருந்தன. அங்கொடைக்குப் போனவர் திரும்பி வருவரென்று வீட்டார் எதிர்பார்ப்பது அரிது. இன்சுலீனால் மயக்கமூட்டுதல், மின்னதிர்ச்சி கொடுத்தல் என்பன முப்பதுகளில் வந்து சேர்ந்தனவேனும், அவற்றாலும் தேறாதோர் பலர். இத்தகைய இருளில் எத்துணைச் சிறிய வெளிச்சமும் பெரிதாகத் தோன்றுதல் இயல்பே.

இந்தியாவில் இச்சிகிச்சை முதன்முதலாகப் பெயர்பெற்றது பெங்களூரிலாகும். மைசூர் அரசாங்கத்தின் மனநோய் வைத்தியசாலைத் தலைவராயிருந்த எம். வி. கோவிந்தசாமி, சத்திரவைத்தியர் பாலகிருட்டிண இராவுடன் சேர்ந்து, இந்திய நோயாளரிடத்து நுதற்சோணை நார்களை அறுத்தமை பற்றி இலண்டனிலிருந்து வெளிவரும் இலான்செற் சஞ்சிகையில் 1944இல் எழுதினார். உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மேனாட்டிலும் புதுமையாயிருந்த ஒரு சிகிச்சையைத் தென்னிந்திய நகரொன்றில் நடத்தியமை அவர்தம் ஊக்கத்தைக் காட்டும். அவர்தம் அவசரத்தையும் காட்டும் என்று கூறுதலுந் தவறாகாது. 1954இல் நிறுவப்பட்ட அகில இந்திய மனநல நிலையத்தின் முதற் பணிப்பாளர் இவரே.

ஆனால் இத்துறையில் உலகத்தாரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது சென்னையாகும். அவ்வரலாறு சிறிது விரித்துரைத்தற்குரியது.

சீர்காழியில் 1922இற் பிறந்த பா. இராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசில் நகரிற் பயிற்சிபெற்றுத் திரும்பி, 1950இற் சென்னை அரசாங்கப் பொதுவைத்தியசாலையில் நரம்பியற் சத்திரசிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே வேலூரில் யேக்கப் சாண்டி இத்துறையைத் தொடங்கியிருந்தார். மூளைக் கட்டியும் தலைக்காயமும் மரணத்துக்கு மறுபெயராயிருந்த காலமது. தமிழ்நாட்டார் மட்டுமல்லர், கடல்கடந்து நம்மவரும் சென்னையையும் வேலூரையும் நாடிச் சென்றனர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுசுக்கோடி அழியும்வரை, தலைமன்னாரிற் கப்பலேறி அக்கரையில் இரயிலைப் பிடித்தல் எளிதாயிருந்தது. வி. பாலசுப்பிரமணியம், எஸ். கலியாணராமன், தி. சா. கனகா முதலியோர் இராமமூர்த்தியுடன் பணியாற்றினர். இவர்களுட் கனகா 1932இற் பிறந்து 2018இல் மறைந்தவர். இந்தியாவில் நரம்பியற் சத்திரவைத்தியரான முதற்பெண்மணி. ஆடவர் துறையென ஒதுக்கப்பட்ட ஒன்றில் அவர் ஊன்றி நின்றமை தனியே ஒரு கட்டுரைக்குரிய விடயமாகும்.

சென்னையார் கைக்கொண்டது மொனிசின் முறையன்று. நுதற்சோணையைக் கண்மூடித்தனமாக அறுப்பதை விடுத்து, மூளையின் ஆழத்திலுள்ள மிகச் சிறிய இடமொன்றை மட்டும் அழிக்கும் முறையை அவர்கள் பின்பற்றினர். அம்முறையை மனிதரிடத்து முதலிற் கையாண்டோர் 1947இற் பிலதெல்பியா நகரத்து இசுப்பீகல், வைசிசு என்போர். இதன் தத்துவத்தை விளங்கிக்கொள்ளக் காரைநகர்க் கடற்றொழிலாளரின் வழக்கமொன்று துணைசெய்யும். கடலினடியில் வலையிட்ட இடத்துக்கு அடையாளம் ஏது? நீர்ப்பரப்பு எங்கும் ஒரே தன்மையது. கோவளம் வெளிச்சவீடு ஒரு பனைக்கு நேரே நிற்பதையும், வேறொரு திசையிற் கோபுரமொன்று மற்றொரு மரத்துக்கு நேரே நிற்பதையும் மனத்திற் கொண்டு, அவ்விரு கோடுகளும் வெட்டுமிடத்தை மறுநாட் பிழையின்றிக் காண்பர். ஆழம் மூன்றாவது அளவு. இவ்வாறே நோயாளியின் தலை ஓர் உலோகச் சட்டத்திற் பொருத்தப்படும். மூளையின் உட்குழிகளில் வாயுவையோ சாயத்தையோ செலுத்தி எக்சு கதிர்ப் படமெடுத்தால் அக்குழிகள் கரைக்குறிகள் போலத் தோன்றும். அவற்றிலிருந்து மூன்று திசைகளிலும் அளந்து, மண்டையோட்டிலிட்ட சிறு துளையினூடாக மெல்லிய ஊசியைச் செலுத்தினால் அது குறித்த இடத்தைச் சென்றடையும். பின்னர் அவ்விடத்தை வெப்பத்தாலோ வேறு வழியாலோ அழிப்பர்.

எவ்விடத்தை அழிப்பது? கன்னப்பொறியின் உட்புறமாக இருபக்கத்திலும் வாதுமைப் பருப்பளவினதாக ஒரு நரம்புக்கலத் தொகுதி உண்டு. அமிக்டலா எனப்படுவது அதுவே. சிக்காகோவில் 1937இற் குளூவர், பூசி என்னும் இருவர், இப்பகுதியையும் அதனைச் சூழ்ந்தவற்றையும் இழந்த குரங்குகள் அச்சமுஞ் சினமும் அற்று அடங்கிப்போதலைக் கண்டனர். யப்பானிய வைத்தியர் நாரபயாசி, சினவெறி கொண்ட நோயாளரின் அமிக்டலாவை அழித்த செய்தியை 1963இல் வெளியிட்டார். அதே நாட்டவரான சானோ என்பவர் ஐப்போதலமசின் பிற்பகுதியைத் தேர்ந்தார். இவ்விரு முறைகளையுஞ் சென்னையார் அறுபதுகளிற் கைக்கொண்டு, சாந்தப்படுத்தும் நரம்பியற் சத்திரசிகிச்சை என அதற்குப் பெயருமிட்டனர். 1988இல் இராமமூர்த்தி வெளியிட்ட கணக்கின்படி, அமிக்டலாவின்மீது 481, ஐப்போதலமசின்மீது 122, ஆக 603 சிகிச்சைகள் செய்யப்பட்டன. உலகின் மிகப் பெரிய தொகுதிகளுள் இஃதொன்றாகும்.

யாருக்குச் செய்தனர்? மூளைக் காய்ச்சலின் பின்னோ, வலிப்பு நோயோடோ, அறிவு வளர்ச்சிக் குறைவோடோ, அடங்காத வெறியும் ஓயாத அலைச்சலுங் கொண்டிருந்தவர்களுக்கே பெரும்பாலுஞ் செய்தனர். தம்மைத் தாமே கடிப்போரும், சுவரிற் றலையை மோதுவோரும், உடன்பிறந்தாரைத் தாக்குவோரும் இவர்களுள் இருந்தனர். சிறுவர்கள் பலரும் இருந்தனர் என்பதே இவ்வரலாற்றில் மனத்தை உறுத்தும் செய்தி. சிகிச்சையின் பின் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதின்மர் நெடுங்காலம் தேறியிருந்தனரென இராமமூர்த்தி எழுதினார்.

இப்புள்ளியைப் படிப்போர் இருவேறு வினாக்களை எழுப்புதல் வேண்டும். முதலாவது, தேறினர் என்பதன் பொருள் யாது? அடித்தவன் அடியாதிருத்தலும், கட்டிவைக்கப்பட்டவன் கட்டின்றி இருத்தலும் தேற்றமே. வேளாவேளைக்கு உணவூட்டமுடியாது, இரவில் உறக்கமின்றி, அயலார் முகத்திலும் விழிக்கமுடியாது வாழ்ந்த தாய்க்கு அது பெரும்பேறு. கணவனை இழந்து கூலிவேலைக்குப் போகும் ஒருத்தி, வளர்ந்த மகனைத் தூணோடு பிணைத்துவிட்டுப் போகவேண்டிய நிலையிலிருந்தாள் என்றால், சென்னை வைத்தியர்களைக் குறைகூறுதல் நமக்கு எளிதன்று. ஆனால் அமைதி என்பது நோயாளனுடைய அமைதியா, அவனைச் சூழ்ந்தோருடைய அமைதியா? சினம் போனவிடத்து உவகையும் ஆர்வமும் உடன்போயினவா? சாந்தப்படுத்துதல் என்ற பெயரே, நோயாளனைவிட அவனை மேய்ப்பவரின் பக்கத்திலிருந்து இட்ட பெயராகத் தோன்றுகின்றது. இரண்டாவது வினா, அளந்தவர் யார் என்பது. சிகிச்சை செய்தவர்களே பெரும்பாலும் பயனையும் மதிப்பிட்டனர். சிகிச்சை பெறாத ஒத்த நோயாளரோடு ஒப்பிடப்பட்டதில்லை. மொனிசைக் குறித்துக் கூறிய விடைத்தாள் உவமை ஈண்டும் பொருந்தும். ஆயினும் சென்னையார் நெடுங்காலம் நோயாளரைப் பின்தொடர்ந்து கவனித்தனர் என்ற வேற்றுமையை மறைத்தல் நேர்மையன்று.

எழுபதுகளில் மேனாட்டில் எழுந்த எதிர்ப்பின்போது சென்னைக் கட்டுரைகளும் எடுத்துக்காட்டப்பட்டுக் கண்டிக்கப்பட்டன. அமெரிக்கத் திதிரொயிற் நகரில் 1973இல் வழக்கொன்று நடந்தது. நெடுங்காலமாக அடைத்துவைக்கப்பட்ட ஒருவருக்கு இதே அமிக்டலாச் சிகிச்சையைச் செய்தற்கு ஏற்பாடாயிருந்தது, அவரும் கையொப்பமிட்டிருந்தார். பூட்டிய கதவுக்குள் இருப்பவன், திறப்பு வைத்திருப்பவனிடம் கொடுக்குஞ் சம்மதம் சுதந்திரமான சம்மதமாகாது என்னுங் கருத்தின்மேல் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. பெற்றார் கையொப்பமிட்டு எட்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுவரும்போது சம்மதம் என்ற சொல்லின் பொருள் இன்னும் மெலிந்துவிடுகின்றது.

இச்சிகிச்சை அருகியதற்கு நியாயவாதங்களைவிட மருந்துகளே பெருங்காரணமாயின. 1952இற் பாரிசு நகரில் டிலே, டெனிக்கர் என்போர் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்து மனநோயைத் தணித்தலைக் காட்டினர். அதே ஆண்டில், நம் நாட்டு வைத்தியர் பழைமையாக அறிந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து இரெசர்ப்பீன் என்னும் பொருள் சுவிற்சர்லாந்திற் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வேர் பித்தைத் தணிக்கும் என்பதைக் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சென், கார்த்திக் சந்திர போசு ஆகிய இருவரும் 1931இலேயே எழுதியிருந்தனர். மொனிசு தம் முதற் சிகிச்சையைச் செய்யுமுன் நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன! ஒரு வேரின் குணத்தை உலகம் காதிற் போட்டுக்கொள்ளாது கத்தியைத் தேடிச் சென்றது சிந்திக்கற்பாலது. இரெசர்ப்பீன் தானும் மனச்சோர்வை உண்டாக்குமென்ற ஐயத்தால் பின்னர் மனநோய் வைத்தியத்திற் பின்தள்ளப்பட்டது என்பதையுஞ் சேர்த்துக் கூறவேண்டும்.

முற்றாக இச்சிகிச்சை மறைந்துவிடவில்லை. எம்மருந்துக்கும் அடங்காது, ஒரே எண்ணம் நாள்முழுதும் வருத்தும் நோயினர் சிலருக்கு, மூளையின் சிறு பகுதியொன்றை அழித்தல் இன்றும் சில நிலையங்களில் நடைபெறுகின்றது. அழித்தலுக்குப் பதிலாக மெல்லிய மின்வாயை ஆழத்திற் பதித்து, நெஞ்சுத் தோலின் கீழ் வைத்த மின்கலத்தாற் றூண்டும் முறையும் உண்டு. அந்நோயினருக்கு அதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசாங்கம் 2009இல் வரையறுத்த அனுமதியளித்தது. வேண்டாவிடின் மின்னோட்டத்தை நிறுத்தலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு. அறுத்த நாரைப் பொருத்துதல் எவராலும் இயலாது.

இலங்கையில் மனநோயாளரைப் பற்றிய சட்டம் 1873இல் இயற்றப்பட்டது. மூளையை அறுக்கும் எண்ணம் புர்க்காட்டுக்கே தோன்றாத காலம் அது. இந்தியாவிலோ 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தன் 96ஆம் பிரிவில் இதற்கென விதி செய்துள்ளது. சிகிச்சைக்கு உட்படுபவரின், விடயம் அறிந்து கொடுத்த சம்மதமும், மனநல மீளாய்வுச் சபையின் அங்கீகாரமும் இன்றி மனநோய்க்காக மூளையிற் சத்திரசிகிச்சை செய்தல் ஆகாது. சம்மதம் எவருடையதாயிருத்தல் வேண்டுமென்பதைக் கூறுமிடத்து, உறவினரென்றோ பாதுகாவலரென்றோ கூறாது, சிகிச்சைக்கு உட்படுபவரென்றே அப்பிரிவு குறிப்பிடுகின்றது.